கைப்பேசி வழியே இருதய நலம்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பிரம்மதேசம் இருக்கிறது. சுற்றிலும் நெல், மணிலா, தர்பூசணி, சவுக்கு ஆகியவை பயிராகின்றன. மேலும் கிழக்கே சென்றால் கழுவெளியும், மரக்காணத்து உப்பளங்களும், அவற்றுக்கு அப்பால் கடலும் வருகின்றன. இப்பகுதியில் உழுகிறவரும் உப்பு வாருகிறவரும் ஒரே குடும்பத்தில் இருப்பதுண்டு. மழைக் காலத்தில் உப்பளம் மூடப்படும்போது கிடைத்த வேலைக்குச் செல்வதும், தை மாதத்துக்குப் பின் மீண்டும் பாத்திகளுக்குத் திரும்புவதும் இங்குள்ளவர்களின் வழக்கம்.

சென்ற கோடையில் நாம் இப்பக்கம் சென்றிருந்தபோது உப்பளத் தொழிலாளர் ஒருவருடன் பேச நேர்ந்தது. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கலாம். ஈராண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவ முகாமில் அவருக்கு ரத்த அழுத்தம் மிகுதியாக இருப்பதாகச் சொல்லி ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார்களாம். அதைச் சாப்பிட்டு முடித்தபின் அவர் மறுபடியும் வாங்கவில்லை. காரணம் கேட்டோம். “தலைவலி இல்லை, மயக்கம் இல்லைங்க. நல்லா இருக்கறவனுக்கு எதுக்கு மாத்திரை? அதை வாங்கப் போனா ஒரு நாள் கூலி போயிடுது” என்றார். இந்த விடையில் அறியாமை பாதிதான். மற்றப் பாதி சரியான கணக்கு. ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. நோய் தெரியாமலிருக்கையில் கூலி போவது மட்டும் கண்கூடாகத் தெரிகிறது.

இருதய நோய் பணக்காரரின் வியாதி என்றும், மெய்வருந்தி உழைக்கிறவர்களை அது அண்டாது என்றும் ஒரு நம்பிக்கை நம்மவரிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. ஒரு காலத்தில் அதில் ஓரளவு உண்மை இருந்திருக்கலாம், இன்று இல்லை. தமிழக மக்களிடையே 2020-ஆம் ஆண்டில் நடத்தப்பெற்ற ‘ஸ்டெப்ஸ்’ என்னும் ஆய்வின்படி, வயது வந்தோரில் 100-க்கு 33.9 பேருக்கு ரத்த அழுத்தமும் 17.6 பேருக்கு நீரிழிவும் காணப்பட்டன. இவற்றைவிட நம்மைத் திடுக்கிடச் செய்வது வேறொரு கணக்கு. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 100-க்கு 7.3 பேர் மட்டுமே. நீரிழிவு உள்ளவர்களில் 10.8 பேர். நூறு அங்கத்தினர்களுக்குக் கடன் வழங்கிவிட்டு ஏழு பேரிடம் மட்டும் வசூல் செய்த சங்கம் ஒன்று இருந்தால், அதன் நிர்வாகக் குழுவைப் பொதுச்சபை என்ன கேள்வி கேட்கும் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

ரத்த அழுத்தம், நீரிழிவு, புகையிலை, ரத்தத்தில் மிகுந்த கொழுப்பு ஆகிய நான்கும் சேர்ந்து இருதயத்துக்கு ரத்தம் கொண்டு செல்லும் குழாய்களைப் பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகக் கெடுக்கின்றன. குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து தடித்து, ஒரு நாள் அப்படிவு வெடித்து, அவ்விடத்தில் ரத்தம் உறைந்து வழியை அடைக்கிறது. மாரடைப்பு என்பது இதுதான். அடைப்பு நிகழ்வது நிமிடங்களில். அதற்கான ஏற்பாடு நடப்பது இருபது முப்பது ஆண்டுகளில். ஆகவே இந்நோயைத் தடுக்கும் வேலையும் நீண்ட நாள் தொடர்ந்து செய்யவேண்டிய வேலையாகிறது. மாத்திரையை விடாமல் சாப்பிடவேண்டும், பீடியை விடவேண்டும், உணவை மாற்றவேண்டும். இவை ஒவ்வொன்றையும் ஒருவருக்கு ஒரு முறை சொல்லிவிட்டு வந்துவிட்டால் நடப்பதில்லை. மறுபடியும் சொல்லவேண்டும், தவறினால் ஏன் தவறிற்று என்று கேட்கவேண்டும். ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் கொண்ட ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரால் இதைச் செய்ய இயலாது. இந்த இடைவெளியை நிரப்பவே தொலைவழி உடல்நல வழிகாட்டல் என்னும் முறை உலகின் பல பாகங்களில் பரீட்சிக்கப்பட்டு வருகிறது. பயிற்சி பெற்ற ஒருவர், தொலைபேசியிலோ எழுத்துச் செய்தியிலோ திரையில் முகம் பார்த்தோ, நோயாளியோடு வாரந்தோறும் தொடர்பு வைத்துக்கொண்டு, சிறு சிறு மாற்றங்களைச் செய்ய அவருக்குத் துணை நிற்பதே இம்முறையின் சாரம்.

இது அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடப்பது, நமக்கு எட்டாதது என்று எண்ணிவிடவேண்டாம். மரக்காணத்துக்கு வடக்கே, அதிக தூரத்தில் இல்லாத சூணாம்பேட்டிலேயே இதற்கு முன்னோடியான ஒரு பெருமுயற்சி நடந்திருக்கிறது. இன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூர் அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. சென்னையின் டாக்டர் வி. மோகன் தலைமையிலான நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இம்முயற்சியை மேற்கொண்டது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் செயற்கைக்கோள் தொடர்பை அளித்தது. உலக நீரிழிவு அறக்கட்டளை பொருளுதவி செய்தது. சி. சுப்பிரமணியம் அவர்கள் தொடங்கிய தேசிய வேளாண் நிறுவனம் கிராமத்து மக்களோடு இணைப்பை ஏற்படுத்திக் கொடுத்தது. உழவர்களிடையே வேலை செய்துவந்த ஓர் அமைப்பின் வழியாகவே மருத்துவம் கிராமத்துக்குள் நுழைந்தது என்பதை நமது வாசகர்கள் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். அந்த அறிமுகம் இல்லாதிருந்தால், வானை நோக்கிய வட்டத் தட்டுடன் வந்து நின்ற வண்டியைக் கண்டு மக்கள் ஒதுங்கியே போயிருப்பார்கள் என்பது நம் எண்ணம்.

அந்த வண்டியில் கண்ணின் உட்புறத்தைப் படமெடுக்கும் கருவியும், இருதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவியும், மற்றச் சோதனைகளுக்கான வசதிகளும் இருந்தன. வண்டியில் சென்றவர்கள் பயிற்சி பெற்ற உதவியாளர்கள். டாக்டர்கள் சென்னையிலேயே இருந்தார்கள். கிராமத்தில் எடுத்த படங்கள் செயற்கைக்கோள் மூலம் சென்னைக்குப் போய், அங்குள்ள நிபுணர்களின் யோசனை கிராமத்துக்குத் திரும்பி வந்தது. 42 கிராமங்களில் 20 வயதுக்கு மேற்பட்டவர்கள் 27,014 பேர் இருந்தார்கள்; அவர்களில் 23,380 பேர் பரிசோதிக்கப்பட்டார்கள். அதாவது 100-க்கு 86.5 பேர். எந்தச் சங்கத்தின் பொதுச்சபைக்கும் இத்தனை பேர் வந்ததாக நமக்கு நினைவில்லை!

பரிசோதித்ததில் 1,138 பேருக்கு நீரிழிவு இருந்தது. 3,410 பேர் நீரிழிவின் வாயிலில் நின்றார்கள். நீரிழிவு கண்டவர்களில் 100-க்கு 10.8 பேருக்கு இருதய ரத்தக் குழாய் நோயும் இருந்தது. இவர்களெல்லாம் பெரும்பாலும் வயலிலும் வரப்பிலும் நிற்கும் கிராமத்து மக்களே. பின்னர் அவ்வூரிலேயே ஒரு கிராம நீரிழிவு நிலையம் அமைக்கப்பட்டுத் தொடர்ந்து கவனிப்பு நடந்தது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தச் சோதனையின் அளவு ஓராண்டுக்குள் 9.3-லிருந்து 8.5-ஆகக் குறைந்தது. மேல் சிகிச்சைக்காகச் சென்னைக்கு வரவேண்டியிருந்தவர்கள் 100-க்கு ஐந்து பேருக்கும் குறைவு. இம்முடிவுகள் 2012-இல் வெளியிடப்பட்டன. சென்னைக்குச் செல்ல வண்டிக் கட்டணம், இரண்டு நாள் கூலி, துணைக்கு வருபவரின் கூலி ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், மற்ற 95 பேருக்கு மிஞ்சியது எவ்வளவு என்பது விளங்கும்.

சூணாம்பேட்டில் செயற்கைக்கோள் செய்த வேலையை இன்று சட்டைப்பையிலுள்ள கைப்பேசியே செய்கிறது. இதற்கும் நம் நாட்டிலேயே ஒரு பரீட்சை நடந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாயிலில் நின்ற 537 ஆடவர்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் தொடக்கத்தில் உணவு, நடை பற்றிய யோசனை கூறப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மட்டும் அதற்குமேல் கைப்பேசியில் சிறு சிறு செய்திகள் அடிக்கடி அனுப்பப்பட்டன. இரண்டு ஆண்டுகளின் முடிவில், செய்தி பெற்ற 271 பேரில் 50 பேருக்கும், பெறாத 266 பேரில் 73 பேருக்கும் நீரிழிவு ஏற்பட்டிருந்தது. இது 2013-இல் வெளியாயிற்று. செய்தி அனுப்புவதற்கு ஆன செலவு மிகச் சொற்பம். ஆனால் அவர்கள் படிக்கத் தெரிந்த, மாதச் சம்பளம் பெறும் வேலையிலிருந்த ஆடவர்கள் என்பதை மறந்துவிடலாகாது. பெண்கள் அதில் இல்லை. பாத்தியில் நின்று உப்பு வாருகிறவர்களும், குழித்தறியில் அமர்ந்து நெய்கிறவர்களும் அதில் இல்லை.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில், ஏற்கெனவே இருதய நோய் கண்ட 710 பேரிடம் இது போன்ற சோதனை நடந்து, 2015-இல் முடிவு வெளியாயிற்று. வாரத்துக்கு நான்கு செய்திகள் வீதம் ஆறு மாதம் அனுப்பினார்கள். செய்தி பெற்றவர்களில் ஆறு மாதத்தின் முடிவில் புகைபிடித்தவர்கள் 100-க்கு 26 பேர். பெறாதவர்களில் 43 பேர். ரத்த அழுத்தமும் முதற்பிரிவினருக்குக் குறைந்திருந்தது. இத்தகைய நற்பயன் ஆண்டுக்கணக்கில் நீடிக்குமா என்பதை ஆறு மாதச் சோதனை ஒன்று சொல்ல முடியாது. கைப்பேசியின் மணி சில நாள் புதுமையாக இருக்கும். பின்னர் அதுவும் வீட்டுக் கடிகாரத்தின் ஓசையைப்போல் காதில் விழாமற் போவதுண்டு.

செய்தியைவிட மனிதர் மேல் என்பதற்கு இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளின் கிராமங்களில் நடந்த சோதனை சான்றாகிறது. 30 கிராமச் சமூகங்களில் ரத்த அழுத்தம் உள்ள 2,645 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். அரசாங்கத்தின் சுகாதார ஊழியர்களே பயிற்சி பெற்று வீடுகளுக்குச் சென்று, அழுத்தத்தை அளந்து, வாழ்க்கை முறை பற்றிப் பேசி, வேண்டியவர்களை டாக்டரிடம் அனுப்பினார்கள். இவ்வாறு கவனிக்கப்பட்டவர்களுக்கு மேல் அழுத்தம் மற்றவர்களைவிட 5.2 புள்ளி அதிகமாகக் குறைந்தது. 2020-இல் வெளிவந்த இம்முடிவைக் கண்டு ஐந்து புள்ளிதானா என்று கேட்கலாம். ஓர் ஊர் முழுவதற்கும் ஐந்து புள்ளி குறையுமானால் பக்கவாதமும் மாரடைப்பும் கண்கூடாகக் குறையும் என்பது வைத்திய சாஸ்திரிகளின் கணக்கு.

தமிழக அரசாங்கம் 5-8-2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த வழியில் ஒரு பெரிய அடியாகும். சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளக்கும் கருவிகளோடு வீடு தேடி வருகிறார்கள். மாத்திரையையும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது ஒன்றும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. நாம் மேலே குறிப்பிட்ட உப்பளத் தொழிலாளரின் ‘ஒரு நாள் கூலி’ என்னும் கணக்குக்கு இதுவே நேரான விடை. ஆனால் அவரது முதற்கேள்விக்கு, அதாவது நல்லா இருக்கறவனுக்கு எதுக்கு மாத்திரை என்பதற்கு, மாத்திரைப் பொட்டலம் விடை சொல்லாது. அதற்கு யாராவது அவரோடு பேசவேண்டும். பகலில் தன்னார்வலர் வீட்டுக்கு வரும்போது அவர் உப்பளத்தில் இருக்கிறார். எனவே மாலையில் ஒரு தொலைபேசி அழைப்பு தேவையாகிறது.

அத்தகைய பேச்சு ஒன்றை நாம் அருகிலிருந்து கேட்டோம். தன்னார்வலரான பெண்மணி, மாலையில் தமது வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு தொழிலாளரை அழைத்தார்.

“அண்ணே, மாத்திரை இருக்கா, தீர்ந்துபோச்சா?”

“இருக்கும்மா. நாலு நாளா போடலை.”

“ஏண்ணே? ஏதாச்சும் பண்ணுதா?”

“அதை எப்படிச் சொல்றது... காலைல போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது. பாத்தியை விட்டு எங்க போறது? நாக்கும் வறண்டுபோவுது.”

“சரிண்ணே, நீங்களா நிறுத்தாதீங்க. நாளைக்கு நர்ஸ் அக்காகிட்டச் சொல்லி டாக்டரைக் கேக்கச் சொல்றேன். அண்ணி பக்கத்துல இருந்தாக் குடுங்க.”

இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் மாத்திரைகளில் சில, உடலிலிருந்து நீரையும் உப்பையும் வெளியேற்றும் வகையைச் சேர்ந்தவை. நிழலில் வேலை செய்பவருக்கு அவை நன்மையே செய்யும். கொளுத்தும் வெயிலில் வியர்வை ஆறாக ஓட நிற்பவருக்கு அதே மாத்திரை வேறு விதமாக வேலை செய்யக்கூடும். மாத்திரையையோ வேளையையோ மாற்றவேண்டியிருக்கலாம். அதை முடிவு செய்யவேண்டியவர் டாக்டர். ஆனால் டாக்டருக்கு இச்செய்தி போய்ச்சேர வழி வேண்டாமா? “தவறாமல் மாத்திரை சாப்பிடுக” என்று இயந்திரம் ஆயிரம் முறை எழுதி அனுப்பினாலும், ‘பாத்தியை விட்டு எங்க போறது’ என்ற விடை அதன் காதில் விழாது. ஒரு பெண் தொழிலாளியாக இருந்தால் இத்தனையும்கூடச் சொல்லியிருக்க மாட்டார். உப்பளங்களில் பெண்களுக்குக் கழிப்பிட வசதியில்லாமையால் அவர்கள் தண்ணீரே குடிக்காமல் நாளைக் கழிப்பது பலரும் அறிந்த உண்மை. இதனால் சிறுநீரகம் கெடுகிறது. சிறுநீரகம் கெட்டால் ரத்த அழுத்தம் ஏறுகிறது. இந்த இடத்தில் கைப்பேசி வழிகாட்டல் மட்டும் போதாது. உப்பளத்தில் நிழலும் குடிநீரும் கழிப்பிடமும் வேண்டும். இவற்றைச் செய்யாமல் தொழிலாளிக்கு உபதேசம் மட்டும் செய்வதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

உப்பு விஷயத்திலும் இவ்வாறே. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, உப்புச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. நம் வீடுகளில் இதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு உண்கிறோம். இக்கடற்கரையில் கருவாடும் ஊறுகாயும் மோரில் கரைத்த உப்பும் உணவின் உயிர். உப்பு விளைவிக்கிறவரிடம் போய் உப்பைக் குறை என்று சொன்னால் அவர் சிரிப்பார்; நாமும் சிரிக்கப்பட்டோம். நல்ல வழிகாட்டி அப்படித் தொடங்குவதில்லை. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கலாமா, சோற்றில் போடும் உப்பை விட்டுவிட்டுக் குழம்பில் மட்டும் போடலாமா என்று வீட்டு அம்மையாரிடம் கேட்பார். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம். அடுத்த வாரம் அது நடந்ததா என்று ஒரு விசாரிப்பு. கூழில் போடும் உப்பைப் பற்றி, வெயிலில் நிற்பவரிடம், டாக்டரைக் கேட்காமல் அவர் எதுவும் சொல்லமாட்டார். சீனாவின் 600 கிராமங்களில், சோடியம் உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் உப்பாக மாற்றிச் சமைக்கச் செய்தபோது பக்கவாதம் 100-க்கு 14 அளவு குறைந்ததாக 2021-இல் ஒரு பெரிய சோதனை காட்டியது. உப்பு விளையும் ஊரில் இது யோசிக்கத்தக்கது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் ஆபத்தானது என்பதால், பரிசோதனையின்றி எவரும் இதைத் தொடங்கலாகாது.

நெசவாளர் நிலை வேறு. அவர் நிழலில் இருக்கிறார். கால்கள் மிதிகட்டையில் இயங்கினாலும் உடல் நாள் முழுவதும் ஒரே இடத்தில் இருக்கிறது. இடையிடையே சர்க்கரையிட்ட தேநீர். பலருக்கு வெற்றிலையோடு புகையிலை. மெல்லும் புகையிலை இருதயத்தைத் தொடாது என்ற எண்ணம் தவறு. அதிலுள்ள நிக்கோட்டின் ரத்த அழுத்தத்தையும் இருதயத் துடிப்பையும் உயர்த்துகிறது. நெசவாளரிடம் நடக்கச் சொன்னால், பாவு கிடக்கும்போது எப்படி நடப்பது என்பார். ஒரு முழம் நெய்ததும் தறியை விட்டு எழுந்து தெருக்கோடிவரை சென்று வாருங்கள் என்றால் நடக்கக்கூடும். உழவருக்கோ நடவும் அறுவடையும் ஒரு மாதிரி, இடைப்பட்ட மாதங்கள் வேறு மாதிரி. ஆகவே சென்னையில் எழுதிய ஒரே செய்தியை எல்லோருக்கும் அனுப்புவதில் பயனில்லை.

இங்கேதான் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஓர் இடம் இருப்பதாக நாம் கருதுகிறோம். ஆஸ்பத்திரிக்கு இல்லாத ஒரு செல்வம் நெசவாளர் சங்கத்துக்கு உண்டு. நூல் வாங்கவும் சேலை கொடுக்கவும் கூலி பெறவும் அங்கத்தினர்கள் குறித்த நாட்களில் தாமாகவே வருகிறார்கள். யாரும் அழைக்க வேண்டியதில்லை. அந்த நாளில் சங்கக் கட்டடத்தின் ஒரு மூலையில் ஒரு நாற்காலியும், மேற்கையில் சுற்றி அளக்கும் தானியங்கிக் கருவி ஒன்றும் இருந்தால் போதும். கருவியின் விலை சில ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. துணைவிதிகள் இடங்கொடுக்கும் அளவில் பொதுநல நிதியிலிருந்து இதை வாங்கலாம். அளக்கும் முன் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கவேண்டும்; கையை இருதய மட்டத்தில் மேசைமேல் வைக்கவேண்டும்; பேசலாகாது; இரு முறை அளக்கவேண்டும். தறியிலிருந்து ஓடிவந்து, கூலிக் கணக்கில் காரியதரிசியோடு வாதாடிவிட்டு உடனே அளந்தால் யாருக்கும் அழுத்தம் ஏறித்தான் காட்டும். 140-க்கு மேலோ, கீழ் அளவு 90-க்கு மேலோ இருந்தால் சுகாதார நிலையத்துக்கு அனுப்பவேண்டும். சங்கம் வைத்தியம் செய்யக்கூடாது. அது நம் வேலையன்று.

பிறகு மாலை நேர அழைப்பு. பள்ளிப் படிப்பு முடித்த அங்கத்தினரின் மகளோ மருமகளோ ஒருவர், சுகாதார நிலையத்து நர்ஸிடம் பயிற்சி பெற்று, வாரத்துக்கு ஒரு முறை நாற்பது வீடுகளுக்கு ஐந்தைந்து நிமிடம் பேசினால் மூன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இதற்கு அவருக்கு ஊதியம் கொடுக்கவேண்டும். சேவை என்ற பெயரில் பெண்களின் உழைப்பை இனாமாக வாங்கும் வழக்கம் நம் சங்கங்களில் வேண்டாம். உழவர் சங்கங்களுக்கு இது கடினம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அங்கத்தினர் உரத்துக்கு வந்தால் வருவார்; இல்லையேல் கடன் தவணைக்கு வருவார். அவர்களுக்கு நேர்முகத்தைவிடத் தொலைபேசியே அதிகம் உதவக்கூடும்.

நடைமுறையில் சில இடையூறுகள் உண்டு. வங்கியின் பெயரைச் சொல்லிப் பணம் பறிக்கும் மோசடி அழைப்புகள் பெருகியதால், அறியாத எண்ணிலிருந்து வந்தால் நம்மவர் எடுப்பதில்லை. அது நல்ல பழக்கமும்கூட. எனவே அழைப்பவர் முகம் தெரிந்தவராக இருக்கவேண்டும். எந்த எண்ணிலிருந்து அழைப்பு வரும் என்பதைச் சங்கத்தில் முன்கூட்டியே எழுதி ஒட்டவேண்டும். பல வீடுகளில் கைப்பேசி மகனுடையது. அவன் வேலைக்குப் போகும்போது அதுவும் போய்விடுகிறது. தாயாரின் மாத்திரையைப் பற்றிப் பேச இரவு எட்டு மணிதான் நேரம். இன்னொன்று: இன்னாருக்குச் சர்க்கரை, இன்னாருக்கு அழுத்தம் என்ற விவரம் கடன் நிலுவைப் பட்டியலைப்போல் அறிவிப்புப் பலகைக்கு வந்துவிடக்கூடாது. பெண் பார்க்கும் வீட்டார் முதலில் படிப்பது அதைத்தான். அந்தக் குறிப்பேடு பூட்டிய பெட்டியில், அழைப்பவரிடமும் நர்ஸிடமும் மட்டுமே இருக்கவேண்டும்.

கைப்பேசி மூலம் வரும் எல்லாமே நன்மையும் அல்ல. இன்ன இலையை அரைத்துக் குடித்தால் அடைப்புக் கரையும், மாத்திரையை எறிந்துவிடலாம் என்னும் செய்திகள் நாள்தோறும் கைக்குக் கை போகின்றன. அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள் நம் வாசகர்களிடையேயும் இருப்பார்கள். ஐயமிருந்தால் அரசாங்கத்தின் 104 என்னும் எண்ணில் கேட்கலாம். 2020 முதல் ‘இ-சஞ்சீவனி’ மூலம் டாக்டரோடு நேரே பேசும் வசதியும் இருக்கிறது.

இன்னொரு விஷயத்தில் மட்டும் தொலைவழிப் பேச்சுக்கு இடமே இல்லை. நெஞ்சின் நடுவே அழுத்துவதுபோன்ற வலி, அது இடக்கைக்கோ தாடைக்கோ பரவுதல், திடீர் வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை கண்டால் வாயுப் பிடிப்பு என்று சோடா வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். பெண்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் வலி அதிகமில்லாமல் களைப்பும் மூச்சு வாங்கலும் மட்டுமே தோன்றுவதுண்டு. உடனே 108-ஐ அழைக்கவேண்டும். மரக்காணத்திலிருந்து திண்டிவனமானாலும் புதுச்சேரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டியிருக்கிறது. இந்தத் தூரத்தைக் கருதியே 2023 ஜூன் மாதம் ‘இதயம் காப்போம்’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டு, மாரடைப்பு என்று ஐயுறும்போது முதலில் கொடுக்கவேண்டிய மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைக்கப்பட்டன. ரத்த உறைவைத் தடுப்பவை இரண்டு வகை, கொழுப்பைக் குறைப்பது ஒரு வகை. மொத்தம் பதினான்கு மாத்திரைகள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை உள்ளவர்கள் அதைப் பெட்டியின் அடியில் வைக்காமல் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வைத்திருப்பது நல்லது.

அந்த உப்பளத் தொழிலாளரை மறுபடியும் மார்கழியில் பார்த்தோம். மழையினால் பாத்திகளில் வேலையில்லை. சவுக்குத் தோப்பில் மரம் வெட்டும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். வாரந்தோறும் ஓர் அழைப்பு வருவதாகச் சொன்னார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாராம். பீடியை மட்டும் இன்னும் விடவில்லையாம், நாளுக்குப் பத்து என்பது நான்காயிற்றாம். “அந்தப் பொண்ணு வியாழக்கிழமை கூப்பிடும். நாலுன்னு சொல்றதுக்கு எனக்கே கூச்சமா இருக்குதுங்க, அடுத்த வாரம் மூணுன்னு சொல்லணும்” என்றார்.